எருமையை எங்கே வரைவது?

ராஜஸ்தானின் பரத்பூரில் கேவலாதேவ் கோயிலுக்குப் பக்கத்தில் சில கற்பலகைகள் நிற்கின்றன. எந்தத் தேதியில், யாருடைய வருகையை முன்னிட்டு, எத்தனை துப்பாக்கிகள் எத்தனை பறவைகளைச் சுட்டன என்ற கணக்கு அவற்றில் வெட்டப்பட்டிருக்கிறது. 1902இல் வைஸ்ராய் கர்சன் பிரபு வந்தபோது 540. 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் கூட்டம் ஒரே நாளில் வீழ்த்தியது 4,273. கணக்கு 1964 வரை, அதாவது நாடு விடுதலையாகிப் பதினேழு ஆண்டு கழிந்தும், நீள்கிறது. படிக்கும்போது கோபம் வருவது இயல்பு. கோபம் அடங்கிய பிறகு கேட்க வேண்டியவை இரண்டு. அறுபது ஆண்டு இப்படிச் சுட்டும் வாத்துகள் ஏன் வந்துகொண்டே இருந்தன? துப்பாக்கி ஓய்ந்து, சுவர் எழுப்பி, ஒரு மாடுகூட உள்ளே வரக் கூடாது என்று காவல் போட்ட பிறகு அவற்றுக்கு ஏன் அங்கே இடம் குறைந்தது?

முதல் கேள்விக்கு விடை சுலபம். அங்கே சுடப்பட்ட வாத்துகளில் பெரும்பாலானவை அங்கே பிறந்தவை அல்ல. சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்துக்குத் தெற்கே இறங்கியவை. பரத்பூர் மகாராஜாவும் அவருடைய விருந்தாளிகளும் பறவைகளைக் கொன்றார்கள்; பறவைகளை வரவழைத்த தண்ணீரையும் தீனியையும் கெடுக்கவில்லை. சொல்லப்போனால் வேட்டை தொடர வேண்டும் என்பதற்காகவே அவற்றைப் பேணினார்கள். இருப்பில் கை வைத்தார்கள், இருப்பை நிரப்பும் இயக்கத்தில் கை வைக்கவில்லை. இது வேட்டைக்கு வக்காலத்து அல்ல. ஒரு சூழல்மண்டலத்தில் கண்ணை உறுத்துகிற சேதமும் உண்மையான சேதமும் வேறுவேறு இடங்களில் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இரண்டாவது கேள்விதான் சிக்கல். அதற்குள் போகுமுன் அந்த இடம் எப்படி உண்டானது என்று பார்க்க வேண்டும்.

அந்தக் கோயிலின் பெயரைத் தாங்கிய கேவலாதேவ் நீர்நிலை இயற்கை கொடுத்த ஏரி அல்ல. அது ஒரு தாழ்வான பள்ளம். கம்பீர், பாணகங்கா என்ற இரண்டு ஆறுகளின் வெள்ளம் புரண்டோடிய சமவெளியின் ஓரம். பதினெட்டாம் நூற்றாண்டில் பரத்பூரை ஆண்ட சூரஜ்மல் கட்டிய அஜான் அணையிலிருந்துதான் அதற்குத் தண்ணீர். பிறகு வந்த அரசர்கள் உள்ளே கரைகள் போட்டு, மதகுகள் வைத்து, பரப்பைப் பாத்தி பாத்தியாகப் பிரித்தார்கள். எந்தப் பாத்தியில் எவ்வளவு ஆழம் என்பதை மதகுக்காரர் தீர்மானிக்கும் ஏற்பாடு அது. ஆடி, ஆவணியில் அணையைத் திறந்தால் பூங்காவின் மொத்தப் பரப்பான 29 சதுர கிலோமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீருக்குள் போகும். தண்ணீரோடு ஆற்று மீன்குஞ்சுகளும் வரும். நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டும். கோடையில் நீர் வற்றும்; எஞ்சிய குட்டைகளில் மீன் நெருக்கியடிக்கும்; கரைகளில் புல் காயும். அடுத்த மழைக்கு மறுபடி முதலிலிருந்து.

மஞ்சள்மூக்கு நாரை இரை தேடுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் இந்த ஏற்பாட்டில் ஆழத்துக்கு என்ன வேலை என்பது விளங்கிவிடும். முழங்கால் அளவு நீரில் அது மெல்ல நடக்கும். அலகைப் பாதி திறந்தபடி நீருக்குள் விட்டு இடவலமாகத் துழாவும். ஒரு காலால் சேற்றைக் கிளறும். கலங்கிய நீரில் மிரண்ட மீன் அலகுக்குள் பட்டால், பட்ட கணத்தில் அலகு மூடிக்கொள்ளும். பார்வையைவிடத் தொடுவுணர்வையே நம்பிப் பிடிக்கும் பறவை அது. நீர் ஓர் அடி கூடினால் நிற்க முடியாது. புல் அடர்ந்துவிட்டால் அலகைத் துழாவ முடியாது. திறந்த, ஆழமற்ற, மீன் செறிந்த நீர் வேண்டும். இந்த மூன்றும் ஒருசேரக் கிடைப்பது அபூர்வம். பரத்பூரில் ஒருசேரக் கிடைத்தன. கிடைக்கச் செய்தவர்களில் ஒருவர் எருமை.

ஆயிரக்கணக்கான மாடுகளும் எருமைகளும் சுற்றுக் கிராமங்களிலிருந்து அங்கே தினமும் மேய வந்தன. பசு கரையோரத்தோடு நின்றுவிடும். எருமை அப்படியல்ல. வயிறு நனைய இறங்கும், சில வேளை முதுகு மட்டும் தெரியும்படி அமிழும், மூக்கை நீருக்குள் விட்டு மிதக்கும் புல்லை வேரோடு பிடுங்கி மெல்லும். பாஸ்பலம் என்னும் அந்த நீர்ப்புல் கரையில் வேர்விட்டு, கணுவுக்குக் கணு புது வேர் போட்டு, நீரின்மேல் பாயாகப் பரவும் சுபாவம் கொண்டது. எருமை ஒரு பக்கம் தின்றுகொண்டே இருந்ததால் பாய் முழுதாக விரிய முடியவில்லை. தின்றது சாணமாக நீரிலேயே விழுந்தது. அதில் பாசியும் பூச்சியும் பெருகின. அவற்றை மீன் தின்றது. மீனை நாரை தின்றது. எருமை புரண்ட இடம் குழியாகி, நீர் வற்றும் காலத்தில் கடைசிக் குட்டையாக மிஞ்சியது. இத்தனையும் செய்துவிட்டு மாலையில் அது வீட்டுக்குப் போய்ப் பால் கொடுத்தது.

சூழல்மண்டலம் என்ற கருத்தை 1935இல் முன்வைத்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி அந்தக் கட்டுரையிலேயே இரண்டு எச்சரிக்கைகளை வைத்திருந்தார். இத்தகைய அமைப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாகவும் ஒன்றோடொன்று கலந்தும் கிடப்பவை. ஆய்வுக்காக நாம்தான் மனத்துக்குள் கோடு போட்டுப் பிரித்துக்கொள்கிறோம் என்பது ஒன்று. மனிதச் செயலை இயற்கைக்கு வெளியே தள்ளிவைத்துவிட்டுச் செடிகொடிகளை மட்டும் படிப்பது சரிப்படாது என்பது மற்றொன்று. கருத்து உலகம் முழுக்கப் பரவியது. எச்சரிக்கைகள் அவ்வளவு தூரம் போகவில்லை.

1942இல் ரேமண்ட் லிண்டமேன் மினசோட்டாவின் ஒரு சின்னச் சதுப்பு ஏரியை எடுத்துக்கொண்டு, சூரிய ஒளி பாசிக்குள் போய், அங்கிருந்து பூச்சிக்கும் மீனுக்கும் படிப்படியாகக் குறைந்தபடி கைமாறுவதைக் கணக்கிட்டார். கட்டுரை அச்சாகுமுன் 26 வயதில் இறந்துபோனார். அந்த வழியில் வந்த ஹோவர்ட் ஓடம் 1957இல் ஃபுளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் ஊற்றை ஒரே படமாக வரைந்தார். ஆற்றல் ஓடும் வழிகளெல்லாம் குழாய்கள். அதிகம் ஓடினால் தடித்த குழாய், குறைவாக ஓடினால் மெல்லிய குழாய். அந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம், வெளியிலிருந்து உள்ளே வரும் ஒரு சின்ன வரத்து. சுற்றுலாப் பயணிகள் மீனுக்குப் போட்ட ரொட்டி அது. ஓடம் அதையும் அளந்து வரைந்தார். அந்த ஊற்றைப் பொறுத்தவரை ரொட்டி போடும் கை இயற்கையா செயற்கையா என்ற தர்க்கத்தில் அவர் நேரத்தைச் செலவிடவில்லை. ஆற்றல் வருகிறது, ஆகவே குழாய் உண்டு.

பரத்பூரை அப்படி யாரும் வரைந்து பார்க்கவில்லை. 1981இல் அது தேசியப் பூங்கா ஆனது. சுற்றிலும் இரண்டு மீட்டர் உயரத்தில் மதில். தேசியப் பூங்காவுக்குள் மேய்ச்சல் கூடாது என்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். மாடுகள் பறவைக்கும் புல்வெளிக்கும் கேடு என்பது அன்றைய பொதுப்புத்தி. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பறவையியலாளர் சாலிம் அலியும் தடையின் பக்கமே நின்றார். 1982 நவம்பரில் மேய்ச்சல் முற்றாக நிறுத்தப்பட்டது. எதிர்த்துத் திரண்ட கிராமத்தார்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியதில் உயிர்கள் போயின. கற்பலகைகளில் அந்தத் துப்பாக்கிகளின் கணக்கு இல்லை.

பிறகு நடந்ததை ஊகிப்பது இப்போது எளிது. தின்ன ஆள் இல்லாத பாஸ்பலம் கரையிலிருந்து உள்ளே நடந்தது. முதலில் ஓரங்கள், பிறகு பாத்திகளின் நடு. நீர் வற்றியபோது பாய் காய்ந்து தடித்த மெத்தையாகப் படிந்தது. அடுத்த வெள்ளத்தில் அதன்மேல் புதுப்புல். மக்கிய புல்லும் வண்டலும் சேர்ந்து தரை மேடானது, மேடானதால் நீர் ஆழம் குறைந்தது, ஆழம் குறைந்ததால் புல்லுக்கு இன்னும் வசதி. ஒன்றின் விளைவே அதன் காரணத்தை ஊட்டி வளர்க்கும் இப்படிப்பட்ட வளையத்தைத்தான் அறிவியலில் பின்னூட்டம் என்கிறார்கள். எருமை அந்த வளையத்தை அறுத்துக்கொண்டிருந்தது. வாத்துக்கு வேண்டிய திறந்த நீர் சுருங்கியது. மீனுக்கும் நெருக்கடி. கோடையில் காய்ந்த புல் தீப்பிடிக்கும் அபாயம் வேறு.

வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா நான்கு நாள் வராமல் போனால்தான் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது தெரியும். வரும் நாட்களில் சமையலறை தானாகவே சுத்தமாக இருப்பதாகத்தான் எல்லாருக்கும் நினைப்பு. எருமையின் வேலையும் அதே ரகம். அதன் பலன் எப்போதும் ஓர் இல்லாமையாகவே தெரிந்தது: புல் இல்லாத நீர். இல்லாத ஒன்றைப் பார்த்து, அது இல்லாமல் இருப்பதற்கு யாரோ உழைக்கிறார்கள் என்று புரிந்துகொள்ள நம் கண்ணுக்குப் பயிற்சி போதாது. அந்த உழைப்பாளி நாம் மதிக்காத சாதியாகவோ நாம் வசவாகப் பயன்படுத்தும் விலங்காகவோ இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980களில் அங்கே பத்தாண்டு ஆய்வு நடத்தியது. தலைமை ஏற்றவர் வி.எஸ். விஜயன், பின்னாளில் கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர். மேய்ச்சலை நிறுத்தியது நீர்நிலைக்குத் தீங்காக முடிந்தது, அளவோடு எருமைகளை அனுமதிக்கலாம் என்று அந்த ஆய்வின் அறிக்கை 1991இல் சொன்னது. தடையை ஆதரித்த நிறுவனமே, தன் தரவைப் பார்த்து, தடை தவறு என்று எழுதியது. இந்த நேர்மையை நாம் போதிய அளவு கொண்டாடவில்லை என்றே நினைக்கிறேன். நம்மூரில் அறிஞர்கள் கருத்தை மாற்றிக்கொள்வது அவ்வளவு அபூர்வம்.

ஆனால் சட்டம் அறிக்கை படிப்பதில்லை. தேசியப் பூங்கா என்ற பெயர் இருக்கும்வரை எருமைக்கு அனுமதி இல்லை. ஆகவே எருமை செய்த வேலைக்குப் புல்டோசர் வந்தது. கிராமத்தாருக்கு அனுமதிச் சீட்டுக் கொடுத்துப் புல் அறுத்துப்போகச் சொன்னார்கள். எருமை அதைக் கூலி வாங்காமல் செய்தது. புல்டோசருக்கு டீசல் வேண்டும். புல்டோசர் சாணம் போடாது என்பதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வெட்டிவேரும் விறகும் எடுக்க வந்துகொண்டிருந்தவர்களும் எருமையோடு வெளியே போனார்கள். உள்ளூர்க்காரர்கள் சிலர் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டிகளாக உள்ளே வந்து, பறவைகளின் ஆங்கிலப் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லிப் பயணிகளை அழைத்துப்போகிறார்கள். மனிதன் உள்ளே இருக்கலாம், பார்வையாளனுக்குத் துணையாக இருந்தால்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிட்டால் எருமை நல்லது, மதில் கெட்டது என்ற சிறுவர் கதையாகிவிடும். விஷயம் அப்படி அடங்கவில்லை. சைபீரியப் பெருங்கொக்கை எடுத்துக்கொள்வோம். அது நீருக்கடியில் கோரைக் கிழங்கைத் தோண்டித் தின்னும் வெள்ளைப் பறவை. 1960களில் இருநூறு அளவுக்குப் பரத்பூருக்கு வந்தது. 2002க்குப் பிறகு ஒன்றுகூட வரவில்லை. புல் மூடியதால் கிழங்கு எட்டாமல் போனது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் எண்ணிக்கை தடைக்கு முன்பே சரியத் தொடங்கிவிட்டது. மேற்கு சைபீரியாவிலிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வரும் பறவை. வழி நெடுக வேட்டை. எருமைகளை மறுநாளே உள்ளே விட்டிருந்தாலும் கொக்கு திரும்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. வாத்துக் கூட்டம் துப்பாக்கியைத் தாங்கியது. சில நூறு மட்டுமே எஞ்சிய, ஆண்டுக்கு ஒரு குஞ்சை வளர்த்தெடுக்கவே சிரமப்படும் கொக்கு தாங்கவில்லை. முதல் கேள்விக்கு நான் சொன்ன சுலபமான விடை இந்தப் பறவைக்குப் பொருந்தாது.

எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்புடையது என்று மேடைகளில் சொல்கிறார்கள். உண்மைதான், ஆனால் உதவாத உண்மை. எந்தத் தொடர்பு தடித்தது, எது மெல்லியது, எது நாளைக்கே தெரியும், எது முப்பது ஆண்டு கழித்துத் தெரியும் என்று பிரித்துச் சொல்வதுதான் வேலை. வாத்துக்கு எருமையோடு உள்ள குழாய் தடித்தது. கொக்கு விஷயத்தில் கணவாய் வழியில் நின்ற வேட்டைக்காரனிடமிருந்து வரும் குழாய் அதைவிடத் தடித்திருக்கலாம். ஒரே நீரில் நிற்கும் இரண்டு பறவைகளுக்கு இரண்டு படங்கள் வேண்டும்.

கோடு எங்கே போடுவது என்பதில் நம் பக்கத்தில் ஒரு பழைய பாடம் உண்டு. வேடந்தாங்கல் ஏரி முப்பது ஹெக்டேர்தான். கேவலாதேவோடு ஒப்பிட்டால் ஒரு மூலை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சிப்பாய்கள் அங்கே பறவை சுட்டபோது ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, சுடக் கூடாது என்று கவுல் என்ற உறுதிப்பத்திரம் எழுதி வாங்கினார்கள். அவர்கள் கேட்டது பறவைப் பாசத்தால் மட்டும் அல்ல. கூடு நிறைந்த காலத்தில் ஏரி மரங்களின் இலைகள் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருக்கும். அந்த எச்சம் நீரில் விழும். ஏரி பச்சையாகக் கனக்கும். மதகு வழியே அது நெல்வயலுக்குப் போகும். அந்தத் தண்ணீர் பாயும் வயலுக்கு உரம் அதிகம் வேண்டாம் என்பது அங்கத்திய விவசாயிகள் தலைமுறைகளாகச் சொல்லிவருவது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இத்தனை ஆயிரம் பறவைகளுக்கும் குஞ்சுகளுக்கும் அந்தச் சின்ன ஏரியில் மீன் போதாது. நத்தைகுத்தி நாரை நெல்வயல் நத்தைக்குப் போகிறது. கூழைக்கடா பெரிய ஏரிகளுக்குப் போகிறது. மதுராந்தகம் வட்டாரத்து ஏரிகளெல்லாம் அவற்றின் சாப்பாட்டுத் தட்டு. எங்கோ ஓர் ஊர் ஏரியின் மீனில் இருந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் பறவையின் வயிற்றில் பயணம் செய்து வேடந்தாங்கல் வயலில் இறங்குகின்றன. ஏரியைச் சுற்றி வேலி போட்டுப் பறவையைக் காத்துவிட்டோம் என்று இருந்துவிட்டு, சுற்றிலும் உள்ள ஏரிகளை மனைகளாக்கிவிட்டால், மரம் இருக்கும், கூடு கட்ட ஆள் இருக்காது. ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டத்தைச் சரணாலயம் என்று 1998இல் அறிவித்ததற்கு அர்த்தம் இதுதான். 2020இல் அந்த வட்டத்தைச் சுருக்கும் யோசனை எழுந்தபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. கூழைக்கடா ஐந்து கிலோமீட்டரோடு நின்றுகொள்வதில்லை என்பது எதிர்த்தவர்களுக்கும் தெரியும். ஆனால் சட்டத்துக்கு ஏதாவது ஓர் எண் வேண்டும். எந்த எண்ணும் கொஞ்சம் பொய்யாகத்தான் இருக்கும். பொய்யின் அளவைத் தெரிந்துகொண்டு போடும் கோடு வேறு, அதுவே இயற்கையின் விளிம்பு என்று நம்பிப் போடும் கோடு வேறு. பரத்பூர் மதில் இரண்டாவது வகை.

மதிலுக்கு வெளியே பரத்பூரில் நடந்தது இன்னும் பெரியது. கம்பீர் ஆற்றின் மேல்பகுதியில், கரௌலி மாவட்டத்தில், பாஞ்சனா அணை எழுந்தது. புதிய நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் அஜான் அணைக்கு வரும் வெள்ளம் குன்றியது. பல ஆண்டுகள் பூங்கா வறண்டு கிடந்தது. ஈரம் போன மண்ணில் சீமைக்கருவேலம் ஏறியது. அதை வேரோடு பிடுங்க மறுபடி கிராமத்தாரைத்தான் அழைத்தார்கள், பிடுங்கிய விறகே கூலி. பிறகு கோவர்தன் வடிகாலிலிருந்தும் சம்பல் குடிநீர்த் திட்டத்திலிருந்தும் குழாய்களில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. பாத்திகள் நனைந்தன. ஆனால் ஆற்று வெள்ளம் கொண்டுவந்த மீன்குஞ்சையும் வண்டலையும் குடிநீர்க் குழாய் கொண்டுவராது. கன அடிக் கணக்கில் பார்த்தால் தண்ணீருக்குத் தண்ணீர் சரிதான். நாரையின் அலகுக்கு அது அதே தண்ணீர் இல்லை.

பாஞ்சனாவின் நீரைக் கேட்கும் கரௌலி விவசாயியும் பேராசைக்காரர் அல்லர். அவர் நிலமும் வறண்டதுதான், அவர் ஊரிலும் எருமை உண்டு. பூங்காவின் படத்தில் அவர் வெளியிலிருந்து வரும் ஓர் அம்புக்குறியின் பின்னால் நிற்கிறார், பெயரில்லாமல். அவருடைய வயலின் படத்தை வரைந்தால் பூங்கா அதில் வெளியே போகும் ஓர் அம்புக்குறி. இரண்டையும் ஒரே தாளில் வரைவதற்குச் சூழலியல் கற்றுத்தருகிறது. எந்தக் குழாயை எவ்வளவு திறப்பது என்று அது சொல்லாது, சொல்லவும் கூடாது. நல்ல மழை ஆண்டில் பாஞ்சனா நிரம்பி, மதகைத் திறந்தே ஆக வேண்டியதாகி, கம்பீரில் தண்ணீர் ஓடி அஜான் வரைக்கும் வந்துவிடுகிறது. அந்த ஆண்டில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. மழை குறைந்த ஆண்டில்தான் கரௌலிக்காரர்களும் பரத்பூர்க்காரர்களும் ஜெய்ப்பூரில் ஒரே மேசைக்கு எதிரெதிரே உட்கார வேண்டியிருக்கிறது.